லைட்டரும் காந்தமும்

வணக்கம். சீன நிறுவனங்கள் இங்கே ஆலை தொடங்க இடம் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் தீப்பெட்டித் தொழில் பட்ட பாட்டைப் பார்த்த எனக்கு அது கசந்தது. பத்து ரூபாய்ச் சீன லைட்டர் ஒன்று விற்றால் இருபது தீப்பெட்டி விற்காமல் போகிறது. 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 வீரர்களைப் பறிகொடுத்த பிறகும் அவர்களோடு என்ன வியாபாரம்? ஒட்டுமொத்தமாகத் தடை செய்தால் என்ன?

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

லைட்டர் விஷயத்தில் நான் உங்கள் கட்சிதான். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்தது. 2024 அக்டோபரில் உதிரி பாகங்களையும் தடை செய்தது. இரண்டும் சரியான முடிவுகள். தீக்குச்சி செய்யத் தெரிந்த ஊருக்குத் தூக்கியெறியும் பிளாஸ்டிக் எதற்கு?

ஆனால் கல்வானுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். சீனச் செயலிகளைத் தடை செய்தோம். அதற்கு முன்பே, 2020 ஏப்ரலில், எல்லையை ஒட்டிய நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி கட்டாயமாகியிருந்தது. முதலீடு வறண்டது, சரக்கு வறளவில்லை. 2024-25இல் சீனாவிடம் நாம் வாங்கியது 113 பில்லியன் டாலருக்கு மேல். விற்றது 14 பில்லியன் சொச்சம். பொருளை வாங்குவோம், அதைச் செய்யும் ஆலை மட்டும் வேண்டாம் என்பதில் என்ன வீரம் இருக்கிறதோ!

அந்த 113 பில்லியனில் லைட்டர் வெறும் ஒரு துளி. பெரும்பகுதி மின்னணு உதிரிகள், இயந்திரங்கள், ரசாயனங்கள், பேட்டரிகள். மின்சார ஸ்கூட்டரின் சக்கர மோட்டாரைப் பிரித்தால் உள்வளையம் முழுக்கச் சின்னச் சின்ன உலோகப் பட்டைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவை நியோடிமியம் என்ற உலோகம் கலந்த காந்தங்கள். சூட்டில் வலுவிழக்காதிருக்க டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு உலோகத்தைச் சிறிது சேர்ப்பதுண்டு. 2025 ஏப்ரல் 4 அன்று டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அமெரிக்க வரிக்கான பதிலடி அது. நம் வாகன ஆலைகளும் காந்தத்துக்காகக் காத்துக் கிடந்தன.

இத்தனைக்கும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலேயே மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. நியோடிமியம் அதில் உண்டு. மணல் நம்மிடம், அதைக் காந்தமாக்கும் தொழில் பெரும்பாலும் அவர்களிடம். காந்த உற்பத்திக்காக 2025 நவம்பரில் 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பணம் ஒதுக்கிவிடலாம், கைப்பழக்கத்தை யார் கற்றுத்தருவது?

சீனாவிடமிருந்து பொருள் வாங்குவதைவிட முதலீட்டை வரவழைப்பது மேல் என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே சொன்னது. தலைமைப் பொருளாதார ஆலோசகர் அனந்த நாகேஸ்வரன் தயாரித்த அறிக்கை அது. இன்னொன்று: இந்திய ஐபோன் ஆலைகளிலிருந்து சீனப் பொறியாளர்கள் நூற்றுக்கணக்கில் திருப்பி அழைக்கப்பட்டதாக 2025 ஜூலையில் செய்தி வந்தது. நாம் கேட்கத் தயங்கும் அந்தக் கைப்பழக்கத்தைக் கொடுக்க அவர்களும் தயங்குகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கதவை அகலத் திறக்கச் சொல்லவில்லை. தொலைத்தொடர்பு, துறைமுகம், மின்கட்டமைப்பு ஆகியவற்றில் அவர்களை அண்டவிடக் கூடாது. மற்றவற்றில் இந்தியக் கூட்டாளியிடம் பெரும்பங்கு இருக்கட்டும்; எத்தனை ஆண்டுக்குள் எந்தெந்த உதிரி இங்கேயே செய்யப்பட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். கையெழுத்திட மறுப்பவர்களுக்கு அனுமதி வேண்டாம். அனுமதி கேட்கும் ஆலைகளில் லைட்டர் ஆலை இருந்தால், உங்களோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன்.