கேள்வி – பதில்: திரையை விட்டு வெளியே வரும் அனிமே

கேள்வி: எங்கள் பிள்ளைகள் டோரேமானையும் ஷின்சானையும் தமிழில் பார்த்து வளர்ந்தவர்கள். மேல் வகுப்புக்கு வந்ததும் அனிமே என்று தேடித் தேடிப் பார்க்கிறார்கள். கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது, அனிமே நாடகத்துக்கும் அனிமே பூங்காவுக்கும் வெளிநாடுகளில் மக்கள் காசு கொடுத்துப் போவது ஏன்?
– ஓவிய ஆசிரியை, கோத்தகிரி

பதில்: உதகை மலர்க் கண்காட்சியை ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் காட்டத்தான் செய்கிறார்கள், ஆனாலும் மே மாதத்தில் தாவரவியல் பூங்காவுக்கு வரும் கூட்டம் குறைந்ததாக நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். ஜப்பானிய அசைபடமான அனிமேக்கும் அப்படித்தான். ஹயாவோ மியாசாகி இயக்கி 1988இல் வெளிவந்த டொட்டோரோ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் மருத்துவமனையில் இருக்க, தந்தையோடு கிராமத்துப் பழைய வீட்டுக்குக் குடிவரும் அக்காளும் தங்கையும் பக்கத்துக் காட்டில் வாழும் ஒரு பெரிய உயிரைச் சந்திக்கும் கதை அது. அதை இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2022 அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கில் நாடகமாக்கியது. படத்துக்கு இசையமைத்த ஜோ ஹிசைஷியே நிர்வாகத் தயாரிப்பாளராக உடனிருந்தார். மறு ஆண்டு அந்த நாடகம், லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஆலிவியர் விருதுகளில் ஆறைப் பெற்றது.

அந்த மேடையில் டொட்டோரோ கணினியில் வரைந்த படமாக வரவில்லை. பேசில் ட்விஸ்ட் என்ற பொம்மலாட்டக் கலைஞர் வடிவமைத்த மாபெரும் பொம்மையாக வந்தது; அதை ஆட்டுபவர்களைப் பார்வையாளர்கள் கண்ணெதிரிலேயே பார்க்கிறார்கள். பார்த்தும், மூச்சு விடும் அந்த வயிற்றை உயிருள்ளதாகவே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை ஜப்பானில் பழையது. புன்ராகு என்னும் அவர்களுடைய பொம்மலாட்டத்தில் ஒரு பொம்மையை மூவர் ஆட்டுவார்கள். தலைமை ஆட்டுநரின் முகம் பெரும்பாலும் மறைக்கப்படுவதே இல்லை. நமக்கும் இது புதிதன்று. தெருக்கூத்தில் இருவர் திரை பிடிக்க, அதன் பின்னாலிருந்து முதலில் குரலும் சலங்கையும் கேட்டு, பிறகு கிரீடம் எட்டிப் பார்த்து, கடைசியில் துரியோதனன் வெளிப்படும்போது, வேடம் கட்டியவர் பக்கத்துத் தெருக்காரர் என்று தெரிந்தும் கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறதல்லவா? கைப்பேசித் திரை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதில் இந்த அனுபவம் கிடைக்காது.

அதே லண்டனில் 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை, மியாசாகியின் இன்னொரு கதையான ‘ஸ்பிரிட்டட் அவே’ கொலிசியம் அரங்கில் நாடகமாக நடந்தது. சிஹிரோ என்ற சிறுமி தேவர்களின் குளியல் விடுதியில் வேலைக்குச் சேரும் அந்த நாடகத்தைத் தோக்கியோவின் ஜப்பானிய நடிகர்களே ஜப்பானிய மொழியில் நடிக்க, வசனத்தின் ஆங்கிலம் மேடைக்கருகே எழுத்தாக ஓடியது. முதல் நாடகம் கதையைப் புதிய ஊரின் கைகளில் ஒப்படைத்தது. இரண்டாவது ஜப்பானியக் குரலையே கொண்டுவந்தது. நம்மூருக்கு முதல் வழியே ஏற்றது என்பது என் கருத்து. செலவு மட்டும் அதற்குக் காரணமில்லை. உள்ளூர்க் கலைஞர்களின் கைபடும்போதுதான் வந்த கதை இங்கேயே தங்கும்.

கேள்வி: கொடைக்கானலில் சிறிய விடுதி நடத்துகிறேன். குடும்பங்களை ஈர்க்க வளாகத்தில் அனிமே பாத்திரங்களின் பெரிய சிலைகளை வைக்கலாமா?
– விடுதி உரிமையாளர், கொடைக்கானல்

பதில்: உரிமை பெறாமல் வைக்காதீர்கள் என்பதே முதல் பதில். நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, தாளில் வரைந்த உருவத்தை முப்பரிமாணச் சிலையாக்கும் உரிமையும் அதன் உடைமையாளருக்கே உரியது. கட்டணம் வாங்கும் இடத்தில் அனுமதியில்லாமல் சிலை வைப்பது, அதை வரைந்தவரின் உழைப்பை எடுத்துக்கொள்வதுதான்.

உரிமை கிடைத்தாலும் சிலைதான் வேண்டுமா என்று யோசியுங்கள். தோக்கியோவின் ஒடைபாவில் 2009இல் 18 மீட்டர் உயரத்தில் நிறுத்தப்பட்ட கண்டம் (Gundam) என்ற அனிமே இயந்திர வீரனும், 2021இல் ஷாங்காயில் ஜப்பானுக்கு வெளியே முதன்முதலாக நிறுத்தப்பட்ட முழு அளவுக் கண்டமும் கடல் ஓரத்து, வணிக வளாகத்து நகரங்களுக்குப் பொருந்தியவை. அந்தக் கதையே இரும்பும் நகரமும் பற்றியது. மலைக்கு வேறு முன்மாதிரி இருக்கிறது.

ஐச்சி மாகாணத்து நாககுதேயில், 2005 உலகக் கண்காட்சி நடந்த பூங்காவுக்குள், 2022 நவம்பரில், மியாசாகியின் படங்களை எடுத்த ஜிப்லி நிறுவனத்தின் பெயரால் ஜிப்லி பூங்கா திறக்கப்பட்டது. சுழன்று பாயும் பெரிய இராட்டினங்களுக்காக அது கட்டப்படவில்லை. இருந்த காட்டையும் பாதைகளையும் காப்பாற்றி, அவற்றின் நடுவே கட்டடங்களை அமைத்தார்கள். டொட்டோரோ கதையின் சகோதரிகள் குடியிருந்த வீடு 2005 கண்காட்சிக்காகவே அங்கே கட்டப்பட்டது. உள்ளே போகிறவர்கள் அலமாரியின் இழுப்பறையைத் திறந்தால் மடித்து வைத்த துணிகள் இருக்கும். தோக்கியோவை ஒட்டிய மித்தாகாவில் 2001இல் திறந்த ஜிப்லி அருங்காட்சியகமோ இன்னும் ஒரு படி மேலே போய், முன்பதிவு செய்தவர்களை மட்டும் அளவோடு அனுமதிக்கிறது. கண்ணால் பார்க்க வந்த இடத்தில் கேமரா வேண்டாம் என்று உள்ளே படமெடுப்பதையும் தடுக்கிறது. வந்தவரைக் களைப்படையச் செய்யாமல் உற்றுப் பார்க்க வைக்கும் இந்த அக்கறையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பது உங்கள் ஊருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெவில்ஸ் கிச்சன் என்றிருந்த பாறைப் பிளவு, 1991இல் வந்த ஒரு படத்தால் குணா குகை ஆயிற்று. கதையில் கண்ட இடத்தைத் தேடிப் போகும் இந்தப் பழக்கத்தை ஜப்பானிய ரசிகர்கள் புனிதத் தலப் பயணம் என்ற பொருளில் செய்சி ஜுன்ரெய் என்கிறார்கள். காமகுரா அருகே கடலோரத்தில் ஒரு சிறிய ரயில்வே கேட் அனிமேயில் வந்ததனால், படம் எடுப்போர் நடுச்சாலையில் நின்று, உள்ளூர் மக்கள் அவதிப்படும் நிலை வந்துவிட்டது. 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டிய மலையில், இன்னொரு நெரிசலுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

சிலைக்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தால் இதையும் கேளுங்கள். டொட்டோரோ கதைக்கு மனத்தில் களமாக இருந்தது தோக்கியோவுக்கு அருகிலுள்ள சயாமா குன்றுகள். வீட்டுமனைகளாக மாறிக்கொண்டிருந்த அந்தக் காட்டைக் காக்க 1990இல் மக்கள் நன்கொடை திரட்டத் தொடங்கி, மறு ஆண்டில் முதல் துண்டு நிலத்தை வாங்கி, அதற்கு டொட்டோரோவின் காடு என்று பெயரிட்டார்கள். இன்று அப்படி வாங்கிய நிலங்கள் ஐம்பதுக்கு மேல். அங்கே இராட்சதச் சிலை எதுவும் தேவைப்படவில்லை. மரத்தடியில் நிற்கிற பிள்ளை தானாகவே தேடத் தொடங்கிவிடுகிறது. உங்கள் வளாகத்தில் சோலை மரங்கள் நாலு மிஞ்சியிருந்தாலும், அவற்றைச் சுற்றி ஒரு நடைபாதையும், மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும், கதை சொல்ல ஓர் ஆளும் போதும்.

கேள்வி: அனிமேயைத் தமிழாக்கும்போது ஜப்பானியப் பெயர்களையும் உணவையும் நமக்கு ஏற்ப மாற்ற வேண்டுமா?
– கல்லூரி மாணவர், உதகை

பதில்: வேண்டாம். போகிமானின் பழைய ஆங்கில வடிவத்தில் ஓனிகிரி என்ற சோற்று உருண்டையை ஜாம் வைத்த டோனட் என்று சொல்லிவிட்டார்கள்; திரையில் தெரிந்தது சோறு. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பழனிக்கு நடக்கிறவர்களுக்கு ஓனிகிரியை விளக்க ஒரு வரி போதாதா? யூகோ சாக்கோவும் ராம் மோகனும் சேர்ந்து இயக்கிய இராமாயண அனிமே 2025 ஜனவரியில் தமிழிலும் திரையரங்குக்கு வந்தது. ஜப்பானியக் கலைஞர்கள் அயோத்தியை அயோத்தியாகவே வரைந்தார்கள். அந்த மரியாதையை நாமும் திருப்பிச் செலுத்தலாம்.

கேள்வி: ஆண்டு விழாவில் இப்படி ஒரு வன உயிரின் கதையை மேடையேற்ற விரும்புகிறோம். அனுமதி வேண்டுமா? அவ்வளவு பெரிய உருவத்தை எதைக்கொண்டு செய்வது?
– நாடக ஆசிரியர், கூடலூர்

பதில்: ஆசிரியர்களும் மாணவர்களும் பள்ளி நிகழ்ச்சியாக, பெற்றோரும் பள்ளியைச் சேர்ந்தவர்களும் மட்டும் பார்க்க நடிப்பதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. டிக்கெட் விற்று ஊராரை அழைத்தால் அந்த விலக்கு பொருந்தாது. அப்போது அனுமதி கேட்டு எழுதியாக வேண்டும். சொந்தக் கதையாக எழுதிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

உருவத்தைப் பற்றிக் கூடலூரிலிருந்து கேட்பது எனக்கு மகிழ்ச்சி. காட்டை மூடிப் பரவும் உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு உங்கள் வட்டாரத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் செய்த முழு அளவு யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. உங்கள் பக்கத்துக் காட்டில் திரியும் உண்மையான யானைகளைப் பார்த்தே ஒவ்வொன்றும் உருவாக்கப்பட்டது. டொட்டோரோ பார்பிகன் மேடை ஏறியது அதற்கு அடுத்த ஆண்டுதான். அந்தக் கைவினைஞர்களில் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, தண்டைத் தோலுரித்து வளைக்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு உரிய கூலியையும் கொடுங்கள். மேடையில் தூக்கி நடக்க வேண்டியிருப்பதால் இரும்புச் சட்டத்தைத் தவிர்த்து, மூங்கில் சட்டமும் பழைய கம்பளித் துணியும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுவதற்கு மூவரை நிறுத்துங்கள். தலையும் வலக்கையும் ஒருவர், இடக்கை ஒருவர், கால்கள் ஒருவர் என்பது புன்ராகு முறை. அங்கே கால்களை ஆட்டக் கற்பதற்கே பத்து ஆண்டுகள் என்பார்கள். ஆகவே ஒத்திகையின் முதல் வாரம் முழுவதும் தலையைத் தொடாமல், அந்த உயிர் ஈர மண்ணில் எப்படி அடி எடுத்து வைக்கும் என்பதை மட்டும் பழக்குங்கள்.