மூன்றாவது கட்டத்தை எடுத்துவிடுங்கள்

கேள்வி: நாங்கள் 1991–94-ல் தருமபுரியில் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவர்கள். வருகிற தை மாதம் எல்லாரும் சந்திக்கிறோம். சேர்ந்தபோது 38 பேர். அதில் 6 பேர் இப்போது இல்லை. மலரில் அவர்களைப் பற்றி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. குரூப்பில் ஒருவர் பெயர், இறந்த தேதி, காரணம் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பியே கொடுத்துவிட்டார். ஒருவருக்குத் ‘தற்கொலை’ என்று இருக்கிறது. அந்த ஆறு பேரில், இரண்டாம் வருஷமே கல்யாணமாகிப் போன தோழி ஒருத்தி டிகிரி முடிக்காததால் பட்டியலில் வரமாட்டாள் என்கிறார்கள். ‘நல்ல நாளும் அதுவுமா சாவுப் பேச்சு எதுக்கு’ என்பவர்களும் உண்டு. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், பென்னாகரம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்த மூன்றாவது கட்டத்தை எடுத்துவிடுங்கள். தற்கொலை செய்துகொண்டவருக்கு மட்டுமில்லை, ஆறு பேருக்கும். ஒருவருக்கு மட்டும் விட்டால் அது மறைப்பது போலாகும். படிக்கிறவர்கள் அங்கேதான் நோண்டுவார்கள். ஆறு பேருக்கும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தின் முறையே அது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்த்திருக்கிறார்களோ, உங்களுக்குத் தெரியாது. மலர் அவர்கள் கைக்கும் போகும்.

தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போயிருப்பீர்கள். நடுகற்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். பழைய கல் ஒன்றில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டால், இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்று இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. அந்தக் கல்லில் சாவுதான் சேதி, சரி. மாட்டை மீட்கப் போய் விழுந்தான், அந்தச் சாவே அவன் செய்த காரியம். உங்கள் நண்பர் ஒருவர் மாரடைப்பில் போயிருந்தால், அது அவர் செய்த காரியமா? அவர் செய்தது வேறு ஏதோ. அதைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

ஊத்தங்கரை தாண்டிச் செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது. மாட்டுக்காகச் செத்தவனுக்கு எடுத்த கல்தான். ஆனால் இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் கூடவே செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். இருந்த இடம் கொஞ்சம், அதில் நாய்க்கும் ஒரு வரி. அந்தச் சிற்பி இருந்தால் மலர் வேலையை அவரிடமே கொடுத்துவிடலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் பட்டது. எங்கள் செட்டும் மலர் போட்டது. இறந்த நாலு பேருக்கும் எழுதியது நான்தான். ‘பழக இனியவர், உதவும் உள்ளம் கொண்டவர், நம் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றவர்.’ நாலு பேருக்கும் வார்த்தையை முன்னே பின்னே மாற்றிப் போட்டிருந்தேன். ஒரு தோழரின் மகள் வந்திருந்தாள். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “அத்தை, இதுல எங்க அப்பா எது?” என்றாள். போட்டோக்களை மாற்றி ஒட்டியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம் அவளுக்கு நேரில் சொன்னேன். உங்கப்பா பாலக்கோடு பஸ்ஸில் வருவான். டிபன் பாக்ஸில் களி உருண்டை, கீரைக் கடைசல். முதல் வருஷம் மூடியைச் சாய்த்து மறைத்துக்கொண்டு சாப்பிடுவான். மூன்றாம் வருஷம் எல்லாரும் பிய்த்துக்கொண்டு போக, அவனுக்குத்தான் மிஞ்சாது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. “வீட்ல அப்பா களியைத் தொடவே மாட்டாரே” என்றாள். இதை அச்சில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

அதனால் குரூப்பில் ‘அவர் எப்படிப்பட்டவர்’ என்று கேட்காதீர்கள். ‘ரொம்ப நல்ல மனுஷன்’ என்று இருபது பதில் வரும், கூடவே கும்பிடும் கை. எந்த பஸ்ஸில் வருவார், யாருடைய ரெக்கார்டைப் பார்த்து வரைவார், எதற்காக வகுப்புக்கு வெளியே நின்றார், கடைசியாகப் போனில் என்ன பேசினார் என்று கேளுங்கள். குரூப்பில் வேண்டாம், தனித்தனியாகப் போன் செய்யுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷத்தில் ஒருவர் செய்த குறும்பு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

ஆறு பேரும் உண்மையிலேயே இறந்தவர்கள்தானா என்பதையும் அவரவர் வீட்டில் கேட்டு உறுதி செய்யுங்கள். ‘அவர் போயிட்டாராமே’ என்பதை நம்பி அமரர் என்று அச்சடித்துவிடாதீர்கள். முகவரி கிடைக்காவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் பழைய அட்மிஷன் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். அதில் ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்தானே. எழுதி முடித்ததும் அச்சுக்குப் போகும் முன் வீட்டில் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்ற வரி வேண்டாம்தான், அது எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும்.

நல்ல நாள் என்கிறவர்களுக்கு என் பதில் சின்னது. கல்யாணத்துக்கு முன்னால், வீட்டில் இறந்துபோய்த் தெய்வமாகிவிட்ட பூவாடைக்காரிக்குப் படைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் எத்தனை வீட்டில் இருக்கிறது! போனவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தானே மேளம் கொட்டுகிறோம். உங்கள் சந்திப்பிலும் காலையிலேயே, டீக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு நிமிஷம், அவரோடு பழகிய ஒருவர் பேசட்டும். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வேண்டாம். வாசலில் அதைப் பார்த்தால் எனக்கே யார் வீட்டுக் காரியம் என்றுதான் தோன்றும்.

அந்தத் தோழி. 38 பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவளைச் சேர்த்துத்தானே அந்தக் கணக்கு? கல்யாணம் பண்ணிக் கொடுத்ததற்கு அவள் என்ன செய்வாள்? அவளுக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே இடம், அதே அளவு. அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் ஞாபகமில்லை என்று வந்தால் ஒரு வழி சொல்கிறேன். தாவரவியல்காரர்கள் நீங்கள். செடியைப் பறித்து, நியூஸ் பேப்பருக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிக் கொடுத்திருப்பீர்கள். நன்றாக வந்த ஹெர்பேரியம் தாள்களைத் துறையிலேயே வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு நாள் போய் அந்த பீரோவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பூச்சி அரித்தது போக மிச்சம் இருக்கும். ஒவ்வொரு தாளிலும் வலது பக்க மூலையில் ஒரு சீட்டு, அதில் செடியின் பெயர், குடும்பம், எடுத்த இடம், தேதி, கீழே ‘சேகரித்தவர்’. அந்த வரியில் அவள் பெயர் அவள் கையெழுத்திலேயே இருந்தால், தாளை முழுசாகப் போட்டோ எடுத்து அவள் பக்கத்தில் போடுங்கள்.