ஒரே ஒருவரைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் 'தே' போடலாமா?

கேள்வி: 'தே' என்றால் 'அவர்கள்' என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் ஒரே ஒருவரைப் பற்றிப் பேசும்போதும் 'தே' என்கிறார்களே, அது சரியா? எங்கெல்லாம் அப்படிச் சொல்லலாம்?

சரிதான், தாராளமாகச் சொல்லலாம். மதுரையில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்குச் சிக்கல் வருவது நீங்கள் கேட்ட இடத்தில் இல்லை, வேறு இரண்டு இடங்களில். முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, சீட்டில் யாரோ மறந்துவிட்டுப்போன பை கிடக்கிறது. வைத்தவர் ஆணா பெண்ணா, தெரியாது. 'சம்ஒன் லெஃப்ட் தெய்ர் பேக்' என்று கண்டக்டரிடம் சொன்னால் முழுக்கச் சரி. ஆளைத் தெரியாதபோதும், ஆணா பெண்ணா என்பது அவசியம் இல்லாதபோதும் இப்படித்தான் சொல்வார்கள். 'ஹி'யும் வேண்டாம் 'ஷி'யும் வேண்டாம், 'தே' போதும் என்று கேட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களை அப்படியே சொல்வதுதான் மரியாதை.

இது நேற்று முளைத்த வழக்கம் இல்லை. 14ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்திலேயே இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இலக்கணம் எழுதியவர்கள்தான் 'ஹி' என்பதே இருபாலுக்கும் பொது என்று விதி செய்தார்கள். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்ட வாசகங்களுக்கும் அதையே வைத்தது. மக்கள் பேச்சு அதற்குக் கட்டுப்படவில்லை. 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 'தே'யை அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

நமக்கு இது புதிதாகத் தோன்றவே கூடாது. 'அவர்' ஒரு காலத்தில் பலரைக் குறித்த சொல். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வரும் உயர்வுச் சொல், இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியமே சொல்கிறது. அப்போதே ஊர் பேசியிருக்கிறது, இலக்கணம் அதைக் குறித்துவைத்திருக்கிறது. இன்றைக்கு ஒருவரைத்தான் சொல்கிறோம், ஆனாலும் 'அவர் வந்தார்' என்று வினை பழைய பன்மையிலேயே நிற்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: ஆள் ஒருவரே ஆனாலும் 'தே ஆர்', 'தே ஹேவ்' என்றுதான் வரும், 'தே ஈஸ்' என்று வராது.

இனி அந்த இரண்டு இடங்கள். "அப்பா வந்திருக்காக, வெளியே நிக்கிறாக" என்று வீட்டில் பேசிப் பழகிய பிள்ளை, அதே மரியாதையோடு 'மை ஃபாதர் ஹேஸ் கம், தே ஆர் வெயிட்டிங் அவுட்சைட்' என்கிறது. கேட்கிறவர் அப்பாவோடு இன்னும் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். ஆங்கில 'தே'யில் மரியாதை கிடையாது. அப்பா, கலெக்டர், நீதிபதி யாராக இருந்தாலும் 'ஹி' அல்லது 'ஷி'தான், அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. பெரியவர்களை 'ஹி' என்று சொல்லப் பிள்ளைகளுக்கு நாக்கு கூசுகிறது. அந்தக் கூச்சம் நல்ல வளர்ப்பிலிருந்து வருவது, அதை நான் குறையாக நினைப்பதில்லை. மரியாதையைக் காட்ட 'சார்', 'மேடம்' இருக்கின்றன, குரல் இருக்கிறது.

இன்னொன்று இதற்கு நேர்மாறு. பேச்சில் 'அவை' நம்மிடம் கிட்டத்தட்ட இல்லை. "மல்லிகைப்பூவெல்லாம் வாடிப்போச்சு, அதைத் தூக்கிப் போடு" என்கிறோம். பூ எத்தனை இருந்தாலும் 'அது'தான். அதனால் 'தி ஃபிளவர்ஸ்' என்று தொடங்கிவிட்டு 'இட் ஹேஸ்' என்று முடிக்கிறார்கள். பொருள் பல என்றால் 'தே', 'தெம்' வந்தே ஆக வேண்டும். இதைத் திருத்தத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது, ஏனென்றால் பேசுகிறவர் காதுக்கு அது தவறாகவே படாது. நாலைந்து பொருள்களை எதிரில் வைத்துக்கொண்டு அவற்றைப் பற்றி வாய்விட்டுப் பேசிப் பழகினால் படிகிறது.

போட்டித் தேர்வு எழுதுகிறவர் என்றால் ஒன்று சொல்கிறேன். பழைய இலக்கணப் புத்தகங்கள் 'எவ்ரிஒன்' என்பதற்கு 'ஹிஸ்' தான் சரி என்று வைத்திருக்கின்றன. அதை ஒட்டிக் கேட்கப்படும் கேள்வியில் வாதாட முடியாது, அந்த விதிப்படியே குறித்துவிடுங்கள். கட்டுரை என்றால் 'ஆல் ஸ்டூடன்ட்ஸ்' என்று எழுவாயைப் பன்மையாக்கிவிடுங்கள். 'தெய்ர்' தானாகப் பொருந்திவிடும்.