விரல் மரத்துப்போனால் அது சக்தி அல்ல

கேள்வி: குழுவாகச் செய்யும் அசைவுத் தியானத்தில் சேர்ந்திருக்கிறேன். பத்து நிமிடம் வேகமாக மூச்சு விட்டு, பிறகு கண்ணை மூடி, உடல் போன போக்கில் ஆட வேண்டும். சென்ற வகுப்பில் இரு கை விரல்களும் மரத்து மடங்கிக்கொண்டன. அழுகையும் வந்தது. "பழைய காயம் வெளியேறுகிறது, சக்தி திறக்கிறது, அடுத்த நிலையில் சேருங்கள்" என்கிறார் பயிற்சியாளர். தொடரலாமா?

பதில்: முதலில் விரல்கள். வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். உடனே விரல் நுனியும் உதடும் மரமரக்கும், கை மடங்கிக்கொள்ளும், தலை சுற்றும். யாருக்கும் வரும். உட்கார்ந்து நிதானமாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். இதில் எந்தக் காயமும் வெளியேறவில்லை, எந்தச் சக்தியும் திறக்கவில்லை.

ஆனால் ஒன்று. உங்களுக்கு இரு கையிலும் வந்ததால்தான் இதை இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். ஒரு பக்கம் மட்டும் மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு சீரான பிறகும் மரமரப்பு போகாவிட்டாலோ, பயிற்சியாளர் என்ன சொன்னாலும் கேட்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "வகுப்பு முடியட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் என்றால் காத்திருக்கவே கூடாது.

அழுகை வேறு விஷயம். துக்கமாக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம், பக்கத்தில் நாலு பேர் அழுததால்கூட வந்திருக்கலாம். அதற்குப் பொருள் சொல்லும் உரிமை உங்களுக்கு மட்டுமே. நடனக் கலைஞர் மேரி வைட்ஹவுஸ் 1950-களில் தொடங்கி, அவரிடம் பயின்ற ஜேனட் ஆட்லர் செம்மைப்படுத்திய முறையில், ஒருவர் கண்மூடி அசைவார், ஒருவர் சாட்சியாக இருந்து பார்ப்பார். பிறகு சாட்சி, தான் கண்டதையும் தனக்குள் எழுந்ததையும் மட்டும் சொல்வார். "உனக்குள் இன்னது இருக்கிறது" என்று தீர்ப்பு சொல்ல மாட்டார். உங்கள் பயிற்சியாளர் சொன்னது தீர்ப்பு. அதோடு விலையும் ஒட்டியிருக்கிறது. முதலில் காயம் இருக்கிறது என்பார்கள், பிறகு ஆற்றக் கட்டணம் கேட்பார்கள், மறுத்தால் "உங்கள் மனம் எதிர்க்கிறது" என்பார்கள். இந்த வலையில் விழுந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். முடி திருத்துபவருக்கே உரிமம் கேட்கும் நாடுகள் உண்டு. அடுத்தவர் மனதைக் கிளறுகிறவரிடம் மட்டும் பெரும்பாலும் ஒரு தாளும் கேட்பதில்லை. இரண்டு நாள் முகாமில் வாங்கிய சான்றிதழே போதுமாம்!

தொடரலாம். அடுத்த வகுப்பில் வேகமூச்சைத் தவிர்த்து, கண்ணைப் பாதி திறந்து வைத்து, மெல்ல அசையுங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால் அன்றே விலகிவிடுங்கள், கட்டிய பணம் போனால் போகட்டும்.