தேனீ ஆடுவது மொழியா?

அன்புள்ள ஐயா,

தேனீ வளர்ப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் தேனீயின் நடனத்தை 'மொழி' என்று சொல்லத் தயங்கியிருக்கிறீர்கள். கண்ணுக்கு எட்டாத பூ எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று ஒரு தேனீயால் இன்னொன்றுக்குச் சொல்ல முடிகிறதே, இதற்குமேல் மொழிக்கு என்ன வேண்டும்? என்னிடம் இரண்டு பெட்டி இந்தியத் தேனீ இருக்கிறது. அந்த நடனத்தை நானே படித்துப் பார்க்க வழி உண்டா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நடனத்தை அளந்து பார்த்தவருக்கு முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

மூடிய பெட்டியில் எதுவும் தெரியாது. தேனடைச் சட்டங்கள் ஒரே அடுக்காக நிற்கும், இருபுறமும் கண்ணாடி வைத்த பெட்டி வேண்டும். இந்தியத் தேனீ தொந்தரவு பொறுக்காது, கூட்டோடு ஓடிப்போகும். பார்க்காத நேரத்தில் கண்ணாடியைப் பலகையால் மூடி வையுங்கள். வாசலை ஒட்டிய தேனடைதான் ஆடுகளம். பூவிலிருந்து திரும்பிய தேனீ வயிற்றைக் குலுக்கியபடி நேராகச் செல்லும். பிறகு வலப்பக்கம் வளைந்து தொடங்கிய இடத்துக்கு வரும். மறுபடி குலுக்கிச் சென்று இடப்பக்கம் வளையும். நேர் ஓட்டத்தை மட்டும் கவனித்தால் போதும், செய்தி அதில்தான் இருக்கிறது.

செங்குத்தான அடையில் 'நேர் மேலே' என்றால் சூரியன் இருக்கும் பக்கம். கண்ணாடிமேல் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, கோணமானியால் அளவெடுங்கள். ஓட்டம் நூலுக்கு வலப்புறம் 40 டிகிரி சாய்ந்திருக்கிறது, அந்த நேரத்தில் சூரியன் வடக்கிலிருந்து 100 டிகிரியில் நிற்கிறது என்றால், பூ 140 டிகிரியில், ஏறக்குறைய தென்கிழக்கில்.

தொலைவைக் குலுக்கும் நேரம் சொல்லும். இத்தாலியத் தேனீ ஒரு நொடி குலுக்கினால் தோராயமாக ஒரு கிலோமீட்டர். உங்கள் தேனீக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதே தொலைவுக்கு அது கூடுதல் நேரம் குலுக்கும். பாதிக்குப் பாதி சர்க்கரைப் பாகை ஒரு தட்டில் வைத்து, வரும் தேனீக்களின் முதுகில் பெயின்ட் புள்ளி இட்டு, தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 100, 200, 300 மீட்டரில் உங்கள் பெட்டிக்கான அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பூ நிறைந்த காலத்தில் இதைச் செய்யாதீர்கள், பாகை ஒரு தேனீயும் சட்டை செய்யாது.

ஒரே ஓட்டத்தை நம்பினால் ஏமாறுவீர்கள். பூ அருகில் இருக்கும்போது அடுத்தடுத்த ஓட்டங்களின் கோணமே நன்றாக விலகி நிற்கும். முதலையும் கடைசியையும் விட்டுவிட்டு, இடையில் நான்கையாவது அளந்து சராசரி பாருங்கள். கண்ணாடியில் வெயில் விழுந்தால் தேனீ அந்த வெளிச்சத்தையே சூரியனாக வைத்து ஆடத் தொடங்கும், உங்கள் கணக்கு முழுதும் கெடும். ஏப்ரல், ஆகஸ்ட் பிற்பாதிகளில் ஈரோட்டில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிடும். அப்போது சூரியனுக்குத் திசையே இல்லை, நடனமும் குழம்பும்.

இனி மொழிக்கு வருவோம். இந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்தவர் ஆஸ்திரியரான கார்ல் வான் ஃபிரிஷ். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். அவர் ஒரு வானொலிக் கோபுரத்தின் அடியில் கூட்டையும் உச்சியில் பாகையும் வைத்துப் பார்த்தார். உச்சிக்குப் போய்வந்த தேனீக்கள் உற்சாகமாகவே ஆடின. அதைக் கண்டு கிளம்பியவை சுற்றிலும் இருந்த புல்வெளியில் தேடின. 'உயரே' என்பதற்கு அந்த நடனத்தில் இடம் இல்லை, புதிதாக உண்டாக்கிக்கொள்ளவும் அவற்றால் முடியவில்லை.

இன்னொரு சோதனை 2000இல் வெளியானது. தேனீயின் பார்வையை ஆராயும் அறிவியலாளர் மாண்டயம் சீனிவாசனும் அவருடன் பணியாற்றியவர்களும், சுவரெங்கும் கோலம்போல் வடிவங்கள் வரைந்த ஆறு மீட்டர் குறுகிய சுரங்கத்துக்குள் தேனீக்களைப் பறக்கவிட்டார்கள். திரும்பிய தேனீக்கள் நூறு மீட்டருக்கும் மேல் பறந்ததுபோல ஆடின. பறக்கும்போது கண்ணெதிரே ஓடும் காட்சிதான் அவற்றுக்கு மைல்கல். ஆட்டோ மீட்டர் பழுதானால் கட்டணம் தப்பாகக் காட்டுமே, அதைப் பொய் என்போமா? நடனமும் அப்படி ஒரு மீட்டரின் அளவைத்தான் காட்டுகிறது.

நம் இலக்கணத்தின் சொல்லில் சொன்னால், தேனீயிடம் சுட்டு இருக்கிறது, வினா இல்லை. 'அங்கே போ' என்று ஆட முடியும், 'எங்கே?' என்று கேட்க முடியாது. பார்த்த தேனீ தானும் போய்வந்தால்தான் ஆடும். கேள்விப்பட்டதை அப்படியே அடுத்தவளிடம் சொல்லாது. வதந்தி கிளம்பாத ஊர்!

எதிர்மறை மட்டும் கொஞ்சம் சிக்கல். ஆபத்தான பூவைப் பற்றி ஆடும் தேனீயை, அங்கே அடிபட்டுத் திரும்பிய இன்னொன்று தலையால் முட்டி, சிறு ஒலி எழுப்பி நிறுத்துவதுண்டு. இதை 'வேண்டாம்' என்று மொழிபெயர்க்கச் சிலர் ஆசைப்படுகிறார்கள். கையைப் பிடித்துத் தடுப்பது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் நடனம் முழுக்கப் பிறவிக்குணம் என்று சொல்லிவந்ததைத் திருத்திக்கொள்ள வேண்டும். மூத்த தேனீக்களின் ஆட்டத்தைப் பார்க்காமல் வளர்ந்தவை தொலைவைத் தப்பாகவே ஆடுகின்றன, அந்தப் பிழை கடைசிவரை திருந்துவதில்லை என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது.

சுட்டு என்று ஏன் சொல்கிறேன் என்பதை நேரிலேயே பார்க்கலாம். வேலிப் புதரில், கிளையில் ஒற்றை அடை கட்டும் சிறிய கொம்புத் தேனீயின் கூடு இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த அடையின் மேல்முகப்பு தட்டையானது, ஆட்டம் அங்கேதான். 1950களில் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவர் இலங்கையில் இதை ஆராய்ந்தார். அதற்குத் தூக்குக்குண்டும் வேண்டாம், சூரியக் கணக்கும் வேண்டாம். தேனீ எந்தப் பக்கம் பார்த்துக் குலுக்கி ஓடுகிறதோ, பூ அந்தப் பக்கம்.