எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள்

கேள்வி: ஒரே பொருளை ஒரு விஞ்ஞானி நஞ்சு என்கிறார், இன்னொருவர் பாதிப்பில்லை என்கிறார். கம்பெனியிடம் பணம் பெற்று ஆய்வு செய்பவர்களும் இருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் யாரை நம்புவது? விஞ்ஞானிகள் பொதுவெளிக்கு வராமல் ஆய்வோடு நின்றுகொண்டால் இந்தக் குழப்பம் இராதே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. பணம் கொடுத்தவருக்குச் சாதகமாக முடிந்த ஆய்வுகள் உண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன். இரண்டு விஞ்ஞானிகள் நேருக்கு நேர் முரண்பட்ட கதை ஒன்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1923 முதல் காரீயச் சேர்மம் கலந்த பெட்ரோலை விற்கத் தொடங்கினார்கள். (நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, காரீயம் வேறு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுப்பது.) அந்தச் சேர்மத்தைத் தயாரித்த நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர் ராபர்ட் கீஹோ, மனித உடலில் காரீயம் இருப்பது இயல்பே என்றும் ஓர் அளவைத் தாண்டாதவரை தீங்கில்லை என்றும் பல ஆண்டுகள் வாதிட்டார். அவரிடமும் அளவீடுகள் இருந்தன. நகரத்திலிருந்து விலகி வாழ்ந்த மெக்சிகோ கிராமத்தவரைச் சோதித்தபோது அவர்கள் உடலிலும் காரீயம் காணப்பட்டதைச் சான்றாகக் காட்டினார். ஆனால் அவர்கள் புழங்கிய மண்பாத்திரங்களின் மெருகுப் பூச்சிலேயே காரீயம் இருந்தது.

அவருக்கு எதிராக நின்ற கிளேர் பேட்டர்சன் மருத்துவர் அல்லர். விண்கல்லில் உள்ள காரீய ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்ட புவி வேதியியலாளர். அந்த வேலையில் அவரை அலைக்கழித்தது, எந்த மாதிரியை எடுத்தாலும் இருக்கவேண்டியதைவிட மிகுதியாகத் தென்பட்ட காரீயம். காற்று, குழாய்த் தண்ணீர், கண்ணாடிக் குடுவை, ஏன், ஆய்வாளரின் தலைமுடியிலிருந்துகூட அது வந்து சேர்ந்தது. தரையை ஓயாமல் துடைத்து, பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, வடிகட்டிய காற்று மட்டுமே நுழையும் அறையொன்றைக் கலிபோர்னியாவில் அமைத்தார். அங்கே தூய்மையை அளக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் வெளியுலகம் எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்பது அவருக்கு விளங்கியது. கிரீன்லாந்துப் பனியை அடுக்கடுக்காக வெட்டியெடுத்துச் சோதித்தபோது, பழைய அடுக்குகளைவிடப் புதியவற்றில் காரீயம் பன்மடங்கு ஏறியிருந்தது.

இருவரும் அளந்தவர்கள்தாம்; கீஹோவிடம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மாசுபடாத உடல் ஒன்றுகூட இருக்கவில்லை. ஆகவே, விஞ்ஞானிகள் முரண்படும்போது அவர்களின் பட்டத்தையும் பதவியையும் பார்ப்பதற்கு முன், எதோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பணம் யாருடையது என்பதையும் அவசியம் கேளுங்கள், ஆனால் அதை அடுத்ததாகக் கேளுங்கள்.

ஆய்வோடு நின்றிருந்தால் பேட்டர்சனுக்குச் சௌகரியமாகவே இருந்திருக்கும். அவரோ 1965இல் தம் முடிவுகளை வெளியிட்டு, 1966இல் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் துணைக்குழு முன் சாட்சியம் அளித்தார். கீஹோவும் அதே விசாரணையில் பேசினார். 1971இல் காற்றிலுள்ள காரீயத்தைப் பற்றி அறிக்கை தயாரித்த அமெரிக்க தேசிய ஆய்வு மன்றக் குழுவில், அத்துறையைப் பேட்டர்சன் அளவுக்கு அறிந்தவர் அரிது என்றபோதிலும், அவருக்கு இடம் தரப்படவில்லை. அதற்குப் பிறகும் அவர் பேசினார். கண்டறிந்தது பிள்ளைகளின் உடம்பைத் தொடுவதாக இருக்கும்போது, அதை ஊரறியச் சொல்வதும் ஆய்வாளரின் வேலையில் ஒரு பகுதி என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் 1995 டிசம்பரில் மறைந்தார். அடுத்த மாதமே, 1996 ஜனவரி முதல், அமெரிக்கச் சாலை வாகனங்களுக்குக் காரீயப் பெட்ரோல் விற்பது தடைசெய்யப்பட்டது. இந்தியாவில் அது 2000ஆம் ஆண்டில் நின்றது; கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.