விடுதிப் பள்ளிக் கதைகள் சிறுவர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. சிறுவர் கதையில் விடுதி என்றால் நள்ளிரவுத் தின்பண்டம், தலையணைச் சண்டை, கடைசியில் ஒரு வெற்றிக் கோப்பை. பெரியவர்களுக்கு எழுதும்போது அதே கட்டடம் வேறு முகம் காட்டும். பெற்றோர் இல்லை, வெளியே போக வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதுதான் அங்கே கேள்வி.

ஆஸ்திரிய எழுத்தாளர் ராபர்ட் மூசிலின் 'டொர்லெஸ்' நாவல் 1906-லேயே வந்துவிட்டது. ஆஸ்திரிய-ஹங்கேரியில் ஒரு விடுதிப் பள்ளி. பாசினி என்ற பையன் பணம் திருடி மாட்டிக்கொள்கிறான். இரண்டு மாணவர்கள் அவனைப் பரணுக்குக் கொண்டுபோய் வதைக்கிறார்கள். கதைநாயகன் டொர்லெஸ் அடிப்பவனும் அல்ல, தடுப்பவனும் அல்ல. பக்கத்தில் நின்று பார்க்கிறான். எனக்கு அந்தப் பார்வைதான் அடியைவிடப் பயங்கரம். மூசிலும் ராணுவ விடுதிப் பள்ளிகளில் படித்தவர்தான்.

அப்புறம் ஆங்கில எழுத்தாளர் கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' நாவல் (2005). 31 வயதுப் பெண் தன் பள்ளியை நினைத்துப் பார்க்கிறாள். தொடக்கத்தில் ஒரு காட்சி: டாமி என்ற மாணவனை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள். அவன் கத்திக் குதிக்கிறான். இவளுக்கோ, அவன் ஆசையாக வாங்கிய வெளிர்நீலச் சட்டையில் சேறு பட்டுவிடுமே என்ற கவலை. சின்ன விஷயம், ஆனால் சொந்தமென்று எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு சட்டை எவ்வளவு பெரிது! அந்தப் பள்ளி எதற்காக நடக்கிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. முன்கதைச் சுருக்கம் தேடாமல் அப்படியே படியுங்கள்.